ஃபிசிக்ஸ் ஒரு வரி கூட சொல்லித்தராத ஏஐ, புயல் போற வழியை எப்படி சொல்லுது?

ஐப்பசி பொறந்து வங்கக்கடல்ல ஒரு தாழ்வுப் பகுதி உருவாச்சுன்னா போதும், நம்மாளுங்க எல்லாரும் பாதி வானிலை அதிகாரி ஆயிடுவோம். ஐரோப்பிய மாடல் நாகப்பட்டினம்னு சொல்லுது, அமெரிக்க மாடல் நெல்லூருக்குத் தள்ளுது, ஆபீஸ்ல லீவு கிடைக்குமா கிடைக்காதான்னு கலர் கலரா மேப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்போம். இந்த ரெண்டு மூணு வருஷமா அந்த மேப்புகளுக்கு நடுவுல புதுசா சில ஏஐ மாடல்களும் வந்து சேர்ந்திருக்கு, கிராஃப்காஸ்ட், பாங்கு, ஏஐஎஃப்எஸ்னு. பழைய மாடல், அதாவது சமன்பாடு போட்டு வானிலையைக் கணக்கிடுற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம், ஒவ்வொண்ணும் ஓடுறதுக்கு ஒரு ஹால் நிறைய சூப்பர்கம்ப்யூட்டர் வேணும். கிராஃப்காஸ்ட் கூகுளோட ஒரே ஒரு சிப்புல, ஒரு நிமிஷத்துக்குள்ள, உலகம் முழுக்க பத்து நாள் வானிலையைச் சொல்லி முடிச்சிடுது.

இதுல என்னை ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருந்த விஷயம் வேகம் இல்ல. அந்த மாடலுக்குள்ள நியூட்டன் விதி கிடையாது, வெப்பம் எப்படி கடத்தப்படுதுன்னு ஒரு சமன்பாடு கிடையாது, பூமி சுத்துதுங்கிறதைக் கூட யாரும் சமன்பாடா எழுதி வைக்கல. அப்புறம் எப்படி புயல் மட்டும் சரியான பக்கம் வளையுது? காத்தைப் பத்தி அதுக்கு நிஜமாவே ஏதாவது புரிஞ்சிருக்கா, இல்ல பழைய கேள்வித்தாளை மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதுற பையன் மாதிரியா? இதை யோசிக்கணும்னா முதல்ல பழைய முறை எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும், அந்தக் கதையே செம்ம கதை.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், க்வேக்கர் மதப்பிரிவு, அதனால போர்ல துப்பாக்கி தூக்க மாட்டேன்னுட்டு முதல் உலகப்போர் நடக்கும்போது ஃப்ரான்ஸ்ல ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். அடிபட்டவங்களை ஏத்தி இறக்குற வேலைக்கு நடுவுல, ஓய்வு கிடைக்கிறப்போ, உலகத்துல அதுவரைக்கும் யாரும் செய்யாத ஒரு கணக்கைக் கையாலயே போட்டுக்கிட்டிருந்தார். காத்தும் ஒரு பொருள் தானே, அதைத் தள்ளினா நகரும், சூடாக்கினா விரியும், ஈரம் இருந்தா மேகமாகும், எல்லாத்துக்கும் சமன்பாடு இருக்கு. அப்போ இப்ப இருக்கிற நிலவரத்தை நம்பரா எழுதி சமன்பாட்டுல போட்டா ஆறு மணி நேரம் கழிச்சு என்ன ஆகும்னு வந்துடணும் இல்ல? 1910 மே 20ஆம் தேதிக்கான ஐரோப்பா டேட்டாவை எடுத்துக்கிட்டு ஜெர்மனிப் பக்கம் ரெண்டு இடத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட்டார். ஆறு மணி நேர மாற்றத்தைச் சொல்றதுக்கு கிட்டத்தட்ட ஆறு வாரக் கணக்கு. நடுவுல 1917ல அந்த நோட்டு காணாமப் போய், மாசக்கணக்கா கழிச்சு பெல்ஜியத்துல ஒரு கரிக்குவியலுக்கு அடியில இருந்து கிடைச்சுதாம்.

விடை என்ன வந்துச்சு தெரியுமா? ஆறு மணி நேரத்துல காத்தழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும்னு. நிஜத்துல அன்னைக்கு அங்க அழுத்தம் அசையவே இல்ல. 145ன்னா எவ்வளவுன்னு புரியணும்னா இப்படி பாருங்க, சாதாரணமா கடல் மட்டத்துல அழுத்தம் 1013, உலகத்துல இதுவரை அளந்ததுலயே ஆழமான புயல் 1979ல பசிபிக்ல வந்த டிப், அதோட மையத்துல 870. வித்தியாசம் 143. அதாவது மனுஷன் கண்ட மிகப்பெரிய புயலோட மொத்த ஆழத்தை விட அதிகமா, ஒரு அமைதியான மே மாச நாள்ல, ஆறே மணி நேரத்துல அழுத்தம் ஏறும்னு விடை வந்திருக்கு.

ஆனா அந்த மனுஷன் அதை மறைக்கல, 1922ல புத்தகமாவே போட்டுட்டார், தப்பான விடையோட சேர்த்து. கூடவே ஒரு கனவையும் எழுதியிருந்தார்: ஒரு பெரிய வட்ட அரங்கம், சுவர் பூரா உலக மேப், 64,000 பேர் உக்காந்து அவங்கவங்க ஊர் கணக்கை மட்டும் போடுறாங்க, நடுவுல ஒரு தூண் மேல நிக்கிறவர் முந்திப் போறவங்க மேல ரோஸ் வெளிச்சமும் பின்தங்குறவங்க மேல நீல வெளிச்சமும் அடிச்சு எல்லாரையும் ஒரே வேகத்துல வெச்சுக்கிறார். இன்னைக்கு சூப்பர்கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்கான ப்ராசசர் செய்யுறது அச்சு அசலா அதே தான்.

விடை ஏன் தப்பாச்சு? பல வருஷம் கழிச்சு பீட்டர் லிஞ்ச்னு அயர்லாந்து ஆராய்ச்சியாளர் அதே கணக்கைத் திரும்ப போட்டுப் பார்த்தார். சமன்பாட்டுல பிரச்சனை இல்ல, ஆரம்பத்துல கொடுத்த டேட்டாவுல காத்தும் அழுத்தமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம இருந்திருக்கு, அந்த சின்ன பொருத்தமின்மை கணக்குல வேகமான அலையா கிளம்பி எல்லாத்தையும் கவுத்துடுச்சு. ஆரம்ப டேட்டாவைக் கொஞ்சம் வழவழன்னு ஆக்கிட்டுப் போட்டா நம்புற மாதிரி விடை வந்துச்சு. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, ஆரம்ப நிலவரம் எங்க இருந்து வருதுங்கிற கேள்வி ஏஐ கதையிலயும் திரும்ப வரும்.

1950ல எனியாக் கம்ப்யூட்டர்ல சார்னி, ஃபான் நாய்மன்னு விஞ்ஞானிகள் எல்லாம் சேர்ந்து எளிமைப்படுத்தின சமன்பாட்டை ஓட்டினாங்க, 24 மணி நேர ஃபோர்காஸ்ட்டுக்கு கிட்டத்தட்ட 24 மணி நேரமே ஆச்சு, வானிலை கூட ரேஸ் ஓடின மாதிரி. அப்புறம் எழுபது வருஷம் அதே வழி தான். க்ரிட், அதாவது கணக்குக்காக உலகத்தைப் பிரிக்கிற கட்டம், சின்னதாச்சு, கம்ப்யூட்டர் பெருசாச்சு, சேட்டிலைட் டேட்டா கொட்ட ஆரம்பிச்சுது. இங்கிலாந்து ரெடிங்ல இருக்கிற ஐரோப்பிய நடுத்தரகால வானிலை மையம், நாம 'ஐரோப்பிய மாடல்'னு சொல்றோமே அந்த ஆளுங்க, அவங்க மாடல் இன்னைக்கு 9 கிலோமீட்டர் கட்டத்துல ஓடுது.

இங்க ஒரு விஷயத்தை நிறைய பேர் தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க. பழைய மாடல்னா சுத்தமான ஃபிசிக்ஸ், ஏஐன்னா வெறும் யூகம்னு பேசுவாங்க. அப்படி இல்ல. 9 கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள ஒரு இடி மேகம் முழுசா ஒளிஞ்சுக்கலாம், மேகத்துக்குள்ள இருக்கிற துளி மைக்ரான் கணக்கு, மரம் விடுற ஈரம், கட்டடம் தடுக்கிற காத்து இதெல்லாம் கட்டத்தை விட ரொம்ப சின்னது. சமன்பாடு அதை நேரடியா பார்க்கவே முடியாது. அதனால 'கட்டத்துல இவ்வளவு ஈரம், இவ்வளவு சூடு இருந்தா உள்ள சராசரியா இவ்வளவு மேகம் கிளம்பியிருக்கும்'னு ஒரு கண்ணளவு ஃபார்முலா வெச்சிருக்காங்க, அதுக்குள்ள திருகி திருகி சரிபண்ற நம்பர்கள் நிறைய. நம்ம ஊர் மழை பெரும்பாலும் இந்த கண்ணளவுப் பகுதியில இருந்து தான் வருது. பெரிய காத்தோட்டத்தைச் சரியா சொல்ற மாடல் தாம்பரத்துல எவ்வளவு மழைன்னு சொல்றதுல சொதப்புறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

சரி இப்போ ஏஐ பக்கம் வருவோம்.

கிராஃப்காஸ்ட் எப்படி உலகத்தைப் பார்க்குதுன்னு சென்னையை வெச்சே பார்க்கலாம். அது பூமியை கால் டிகிரி இடைவெளியில புள்ளி புள்ளியா பிரிக்குது. நமக்கு வர்ற புள்ளி 13 டிகிரி வடக்கு, 80.25 டிகிரி கிழக்கு. அந்த ஒத்தப் புள்ளிக்குச் சொந்தமான பரப்பு மேற்குல போரூர்ல ஆரம்பிச்சு மெரினாவைத் தாண்டி கடலுக்குள்ள ஒரு பத்து கிலோமீட்டர் வரைக்கும், வடக்குல தண்டையார்பேட்டைப் பக்கத்துல இருந்து தெற்குல சோழிங்கநல்லூர் வரைக்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே வெப்பநிலை, ஒரே காத்து, ஒரே மழை. வேளச்சேரியில முழங்கால் தண்ணி, அண்ணா நகர்ல சாரல்ங்கிற கதையெல்லாம் அதுக்குத் தெரியாது. தரைகிட்ட 5 விஷயம், அப்புறம் மேல 37 அடுக்கு, அடுக்குக்கு 6 விஷயம், காத்து, ஈரம், வெப்பம் இப்படி, மொத்தம் ஒரு புள்ளிக்கு 227 நம்பர். உலகம் பூரா இந்த மாதிரி பத்து லட்சத்துக்கு மேல புள்ளி, பெருக்கிப் பார்த்தா 23 கோடியைத் தாண்டுது.

ஆறு மணி நேரம் முன்னாடி இருந்த நம்பர்கள், இப்போ இருக்கிற நம்பர்கள், ரெண்டையும் கொடுத்தா அடுத்த ஆறு மணி நேரம் கழிச்சு வரப்போற நம்பர்களைச் சொல்லணும். அவ்வளவு தான் அதோட வேலையே. வந்த விடையையே திரும்ப உள்ள கொடுத்தா அடுத்த ஆறு மணி நேரம், இப்படி 40 தடவை பண்ணா பத்து நாள்.

இதை எப்படி கத்துக்கிச்சு? 1979ல இருந்து 2017 வரைக்கும் 39 வருஷ வானிலை. ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டா சுமார் 57,000 படம். இதைக் காட்டிக் காட்டி, நீ சொன்னதுக்கும் நடந்ததுக்கும் வித்தியாசம் இவ்வளவு, அதைக் குறைன்னு 32 சிப்பை வெச்சு நாலு வாரம் ட்ரெயின் பண்ணாங்க. 2023 நவம்பர்ல ஆராய்ச்சிப் பேப்பர் வந்தப்போ ஐரோப்பிய மாடல்கூட 1380 அளவுகள்ல ஒப்பிட்டதுல 90 சதவீதத்துல இது முந்தியிருந்துச்சு. அதே வருஷம் ஜூலையிலயே ஹுவாவேயோட பாங்கு மாடல் வந்தாச்சு, அதுக்கு முன்னாடி 2022ல என்விடியாவோட ஃபோர்காஸ்ட்நெட். 2023 செப்டம்பர்ல லீ புயல் கனடாவோட நோவா ஸ்கோஷியாவுல கரையைக் கடக்கும்னு கிராஃப்காஸ்ட் ஒன்பது நாள் முன்னாடியே ஒரே நிலையா சொல்லுச்சு, பழைய மாடல்கள் அந்த முடிவுக்கு வந்தது ஆறு நாள் முன்னாடி தான். ரெடிங் ஆளுங்களும் சும்மா இருக்கல, 2025 பிப்ரவரியில அவங்க சொந்த ஏஐ மாடலான ஏஐஎஃப்எஸ்ஸை தினசரி வேலைக்கே கொண்டு வந்துட்டாங்க, ஒரு ஃபோர்காஸ்ட்டுக்கு ஆகுற கரண்ட் செலவு சுமார் ஆயிரம் மடங்கு கம்மின்னு அவங்களே சொல்றாங்க.

ஆனா இங்க தான் ஒரு நிமிஷம் நிக்கணும். அந்த 39 வருஷ வானிலைன்னு சொன்னேனே, அது எங்க இருந்து வந்துச்சு? பசிபிக் நடுவுல பத்து கிலோமீட்டர் உயரத்துல 1983 மார்ச் மாசம் காத்து எவ்வளவுன்னு யாரும் போய் அளக்கல. அந்த டேட்டாவுக்குப் பேரு ஈரா5, ரெடிங் மையம் தயாரிச்சது. கிடைச்ச பலூன், கப்பல், சேட்டிலைட் அளவுகளை எல்லாம் எடுத்து, அளக்காத இடத்தை எல்லாம் அவங்க ஃபிசிக்ஸ் மாடலை வெச்சு நிரப்பி, 1940ல இருந்து மணிக்கு மணி உலகத்தோட வானிலையைத் திரும்ப கட்டி எழுப்பியிருக்காங்க. ஆக ஏஐ படிச்ச நோட்டு முழுக்க ஃபிசிக்ஸ் வாத்தியார் எழுதினது தான். வாத்தியாரை விட பையன் நல்ல மார்க் வாங்குறான், சரி, ஆனா கேள்வித்தாளும் வாத்தியார் கைப்பட எழுதினது தானே. அதோட தினமும் ஃபோர்காஸ்ட் ஆரம்பிக்க வேண்டிய 'இப்போதைய நிலவரம்' இருக்கே, ரிச்சர்ட்சனைக் கவுத்த அதே விஷயம், அதையும் பெரும்பாலான ஏஐ மாடல்களுக்கு இன்னைக்கும் பழைய ஃபிசிக்ஸ் மாடல் தான் தயார் பண்ணிக் கொடுக்குது. நேரடியா கருவி அளவுகள்ல இருந்தே ஆரம்பிக்கிற முயற்சியும் நடக்குது, கேம்பிரிட்ஜ்ல ஆர்ட்வார்க்னு ஒண்ணு 2025ல வந்துச்சு, ஆனா அது இன்னும் தவழுற ஸ்டேஜ் தான்.

அடுத்து அந்த 'வித்தியாசத்தைக் குறை'ங்கிற கட்டளையிலேயே ஒரு கோளாறு இருக்கு. ஏழு நாள் தள்ளி ஒரு புயல் சென்னைக்கும் வரலாம், நெல்லூருக்கும் வரலாம், பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கோங்க. சென்னைன்னு அடிச்சுச் சொல்லி நெல்லூருக்குப் போயிட்டா ரெண்டு இடத்துலயும் மார்க் போச்சு, சென்னையில இல்லாத புயலைச் சொன்னதுக்கு ஒண்ணு, நெல்லூர்ல இருக்கிறதைச் சொல்லாம விட்டதுக்கு ஒண்ணு. அதனால ஏஐ என்ன கத்துக்குதுன்னா, ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு சோகையான புயலை வரைஞ்சுட்டா சராசரியா மார்க் கம்மியா தான் போகும்னு. கல்யாண வீட்ல ரெண்டு பக்கத்துக்கும் தலையாட்டுற பெரியப்பா மாதிரி. அதனால நாள் போகப் போக அதோட மேப்பு மெழுகின மாதிரி ஆயிடும், கூரான காத்தெல்லாம் மழுங்கிடும். 2023 நவம்பர்ல ஐரோப்பாவுல கியரான்னு ஒரு புயல் வந்தப்போ நாலு ஏஐ மாடலை எடுத்துச் சோதிச்சாங்க, புயலோட பாதை, பெரிய வடிவம் எல்லாம் நல்லா சொல்லியிருந்துச்சு, ஆனா கூரையைப் பிய்க்கிற உச்சக்காத்தை மட்டும் குறைச்சே சொல்லியிருந்துச்சு. நமக்கு எது முக்கியமோ அதுல தான் கஞ்சத்தனம்.

இதுக்கு மாத்து மருந்தும் வந்தாச்சு. படம் வரையுற ஏஐ எல்லாம் ஓடுதே டிஃப்யூஷன் முறை, அதையே வெச்சு 2024 டிசம்பர்ல கூகுள் ஆளுங்க ஜென்காஸ்ட்னு ஒண்ணு வெளியிட்டாங்க. அது சராசரி போடாது, 'இப்படியும் நடக்கலாம்'னு தனித்தனியா ஐம்பது எதிர்காலத்தைக் கூராவே வரைஞ்சு கொடுக்கும், ஒவ்வொண்ணும் 15 நாளுக்கு, ஒரு சிப்புல ஒண்ணுக்கு எட்டு நிமிஷம். சென்னைக்கு முப்பது, நெல்லூருக்கு இருபதுன்னு பிரிஞ்சு வந்தா நாம முடிவெடுக்கலாம்.

இப்போ முதல்ல கேட்ட கேள்வி. உள்ள ஃபிசிக்ஸ் இருக்கா?

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச பதில் கிரெகரி ஹக்கிம்னு வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பண்ண சோதனை. அவர் பாங்கு மாடல்கிட்ட நாளைக்கு மழை வருமான்னு கேட்கல. பல வருஷ சராசரியை எடுத்து, நிஜத்துல எந்த நாளும் இருக்காத ஒரு சமத்தான வளிமண்டலத்தை உருவாக்கினார். சராசரி நாள்னு ஒண்ணு காலண்டர்ல கிடையாது இல்லையா, அதனால ட்ரெயினிங்ல மாடல் இப்படி ஒண்ணைப் பார்த்திருக்கவே முடியாது. அந்த அமைதியான வானத்துல நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு இடத்தை மட்டும், அடுப்பு மூட்டின மாதிரி, விடாம சூடாக்கினார். என்ன ஆகணும்னு பாடப்புத்தகத்துல இருக்கு: கிழக்கு பக்கமா நிலநடுக்கோட்டை ஒட்டியே ஒரு அலை கிளம்பணும், மேற்கு பக்கம் வடக்குலயும் தெற்குலயும் ஜோடியா ரெண்டு சுழல் வரணும். பாங்கு அதே மாதிரி தான் செஞ்சுது. அப்புறம் மேல ஓடுற ஜெட் காத்துல லேசா ஒரு கலக்கத்தைப் போட்டார், குளிர்பிரதேசப் புயல் எப்படி பிறந்து வளரணுமோ அப்படியே வளர்ந்துச்சு. அட்லாண்டிக்ல ஒரு சின்ன சுழலை விதை மாதிரி தூவினார், அது சூறாவளி ஆச்சு.

மனப்பாடம் பண்ண பையனால இது முடியாது. கேள்வியை மாத்திக் கேட்டும் சரியா எழுதியிருக்கு. யாரும் சொல்லித்தராம, பழைய வானிலைப் படங்களைப் பார்த்தே, சூடு எப்படி காத்தை நகர்த்துதுங்கிறதுல ஏதோ ஒரு பங்கை அது பிடிச்சு வெச்சிருக்கு. பூமி சுத்துறதோட விளைவையும் சேர்த்து, ஏன்னா அது இல்லாம அந்த சுழல் ஜோடி வராது.

அப்போ பாஸா? அவசரப்படாதீங்க. இன்னொரு பரிட்சை இருக்கு, அதுல அதே பாங்கு ஃபெயில். வண்ணத்துப்பூச்சி விளைவுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஒரு பூச்சி றெக்கை அடிக்கிற அளவு சின்ன மாற்றம் கூட பின்னாடி வானிலையையே மாத்திடும்ங்கிறது. எட்வர்ட் லொரன்ஸ்ங்கிற வானிலை விஞ்ஞானி 1961ல கம்ப்யூட்டர்ல 0.506127க்குப் பதிலா சுருக்கி 0.506ன்னு டைப் பண்ணிட்டு காபி குடிக்கப் போயிட்டு வந்து பார்த்தா வானிலையே வேறயா மாறியிருந்த கதை. நிஜ வளிமண்டலத்துல ரொம்ப ரொம்ப சின்ன கலக்கம் முதல்ல இடிமேகங்கள்ல மாட்டிக்கிட்டு மணிக்கணக்குல படு வேகமா பெருகும், அதனால தான் ரெண்டு வாரத்துக்கு மேல ஒரு நாளோட வானிலையைச் சொல்றது கிட்டத்தட்ட நடக்காத காரியம்னு சொல்றாங்க. ஜெர்மனியில செல்ஸ், கிரெய்க்னு ரெண்டு பேர் இதை 2023ல பாங்குல சோதிச்சாங்க. பொடி அளவு கலக்கத்தைப் போட்டா ஃபிசிக்ஸ் மாடல்ல அது சட்டுனு பெருகுது, பாங்குல அசமந்தமா மெதுவா தான் வளருது. அதோட உலகத்துல வண்ணத்துப்பூச்சிக்கு றெக்கையே இல்ல. ஃபோர்காஸ்ட்டுக்கு இது பெரிய நஷ்டம் இல்ல, ஆனா 'வானிலையை எவ்வளவு தூரம் முன்கூட்டி சொல்ல முடியும்?'னு அந்த மாடலை வெச்சு யாராவது ஆராய்ச்சி பண்ணா முடியாததை முடியும்னு சொல்லிடும். நடிச்சுக் காட்டுறது வேற, காரணம் புரிஞ்சிருக்கிறது வேறன்னு நான் நம்புறதுக்கு இந்த ஒரு சோதனை போதும்.

அதை விட பயமா இருக்கிற சோதனை மூணாவது. பெட்ரம் ஹசன்சாதேன்னு சிகாகோ பல்கலைக்கழகத்துல இருக்கிறவரோட குழு 2025ல வெளியிட்டது. ஃபோர்காஸ்ட்நெட் மாடலை எடுத்து, ட்ரெயினிங் டேட்டாவுல இருந்து மூணு, நாலு, அஞ்சாம் வகை சூறாவளி எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து வெளிய போட்டுட்டாங்க. அதுக்குத் தெரிஞ்ச உலகத்துல பெரிய புயலே கிடையாது. இப்போ நிஜமா நடந்த அஞ்சாம் வகை புயலோட ஆரம்ப நிலவரத்தைக் கொடுத்து என்ன ஆகும்னு கேட்டாங்க. புயல் வருதுன்னு தெரிஞ்சுது, வலுக்குதுன்னும் தெரிஞ்சுது, ஆனா ரெண்டாம் வகையோட நிறுத்திக்கிச்சு. அதுக்கு மேல ஒண்ணு இருக்குங்கிறதே அதுக்குத் தெரியாது. ஃபிசிக்ஸ் சமன்பாட்டுக்கு இந்தப் பிரச்சனை வராது, கடல் சூடும் ஈரமும் இருந்தா அது பாட்டுக்கு முன்னாடி பார்க்காத புயலையும் கட்டும்.

ஆனா அதே பேப்பர்ல ஒரு ஆறுதலும் இருக்கு. அட்லாண்டிக் பெரும்புயல்களை மட்டும் ஒளிச்சு வெச்சு பசிபிக்ல வந்ததை விட்டு வெச்சா, அட்லாண்டிக்ல வர்றதையும் ஓரளவு சொல்லுது. ஒரு கடல்ல பார்த்ததை இன்னொரு கடலுக்குப் பொருத்திப் பார்க்கத் தெரியுது. நமக்கு இது ரொம்பவே முக்கியம், ஏன்னா 1999 ஒடிசா சூப்பர் சைக்ளோனுக்கு அப்புறம் வங்கக்கடல் அடுத்த சூப்பர் சைக்ளோனைப் பார்த்தது 2020ல ஆம்பன் வந்தப்போ தான். வெறும் வங்கக்கடல் டேட்டாவை நம்பி ஒரு மாடல் படிச்சா அதுக்கு உதாரணம் விரல் விட்டு எண்ணுற அளவு தான் கிடைக்கும்.

மழைக்கு இந்தக் கொடுப்பினை கூட கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 காயல்பட்டினம் ஞாபகம் இருக்கா, 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்க பெய்யுற சராசரியை விட அதிகம். பேர் வெச்ச புயல் கூட இல்ல, குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்கு சுழற்சி அவ்வளவு தான், திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துலயே மாட்டிக்கிட்டு உள்ள நூத்துக்கணக்கான பேர் பட்டினி கிடந்தாங்க. இந்த மாதிரி ஒரு நாள் 39 வருஷப் பாடத்துல எத்தனை தடவை இருந்திருக்கும்? அப்படியே இருந்தாலும், தண்டையார்பேட்டையும் சோழிங்கநல்லூரும் ஒரே புள்ளிங்கிற உலகத்துல அந்த 95 பக்கத்து ஊர் மழையோட கலந்து கரைஞ்சு தான் பதிவாகியிருக்கும்.

அதனால தான் எனக்கு இந்த ரெண்டையும் கலக்குற ஆளுங்க மேல நம்பிக்கை ஜாஸ்தி. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ரெடிங் மையத்தோட சேர்ந்து பண்ண நியூரல்ஜிசிஎம், 2024 ஜூலையில வந்துச்சு. பெரிய காத்தோட்டத்துக்கு உண்மையான சமன்பாடு, நான் முன்னாடி சொன்னேனே கண்ணளவு ஃபார்முலா, மேகம் மழைப் பகுதி, அந்த இடத்துல மட்டும் ஏஐ. எங்க நமக்கு விதி தெரியுமோ அங்க விதி, எங்க ஏற்கனவே யூகம் தானோ அங்க அதை விட நல்ல யூகம். நியாயமான பங்கு பிரிப்பு. இதுவும் இப்போ இருக்கிறதுல இருந்து ரொம்ப மாறிப்போன வருங்கால காலநிலைக்கு நீட்டினா சரியா வராதுன்னு பண்ணவங்களே பேப்பர்ல ஒத்துக்கிட்டிருக்காங்க, அந்த நேர்மைக்கே ஒரு சல்யூட்.

இது ஆராய்ச்சியோட நிக்கல. 2025ல நம்ம மத்திய வேளாண் அமைச்சகம் இந்த நியூரல்ஜிசிஎம், ஏஐஎஃப்எஸ், கூட இந்திய வானிலைத் துறையோட 125 வருஷ மழைக் கணக்கு மூணையும் கலந்து, தென்மேற்குப் பருவமழை எப்போ வரும்னு 13 மாநிலத்துல சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புச்சு, சில இடத்துக்கு நாலு வாரம் முன்னாடியே. அந்த வருஷம் என்ன ஆச்சுன்னா மே 24க்கே கேரளாவுக்கு மழை வந்துடுச்சு, 2009க்கு அப்புறம் அவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்ல. அதை நம்பி வடக்கே விதைச்சிருந்தா கதை கந்தல், ஏன்னா வந்த வேகத்துல வடக்கே போற வழியில பருவமழை சுமார் இருபது நாள் அப்படியே நின்னுடுச்சு. அந்த நடுவழி நிறுத்தத்தை இந்த ஃபோர்காஸ்ட் பிடிச்சிருந்துச்சு, தொடர்ந்து அப்டேட்டும் அனுப்பினாங்க. விதைநெல்லை கையில வெச்சுக்கிட்டு வானத்தைப் பார்க்குறவனுக்கு மாடலுக்குள்ள சமன்பாடு இருக்கா இல்லையாங்கிறது ரெண்டாம்பட்சம் தான், ஒத்துக்கிறேன்.

ஆனா 'ஏன்'ங்கிற கேள்விக்கு ஏஐ உதவவே உதவாதுன்னு நினைச்சுடாதீங்க, இங்க எதிர்பாராத ஒரு வழி திறந்திருக்கு. ட்ரெயின் பண்றப்போ, விடையில இருக்கிற தப்புல இருந்து பின்னாடியே போய் எந்த நம்பரை மாத்தணும்னு கண்டுபிடிக்கிற கணக்கு ஒண்ணு இந்த மாடல்கள்ல இருக்கு. மாடலை அப்படியே வெச்சுக்கிட்டு, அதே கணக்கை ஆரம்ப வானிலை மேல திருப்பி விட்டா? 2021 ஜூன் கடைசியில கனடாவுல லிட்டன்னு ஒரு சின்ன ஊர் 49.6 டிகிரி தொட்டுச்சு, நம்ம வேலூரே தோத்துப் போற சூடு, அடுத்த நாளே காட்டுத்தீயில ஊரே எரிஞ்சு போச்சு. பத்து நாள் முன்னாடி இருந்து ஓட்டின ஃபோர்காஸ்ட்ல அந்த உக்கிரம் முழுசா வரல. ஹக்கிமும் அவர் மாணவர் ஒருத்தரும் கிராஃப்காஸ்ட்டை பின்பக்கமா ஓட்டி, பத்து நாள் முன்னாடி ஆரம்ப நிலவரத்துல எங்கெங்க எவ்வளவு கொஞ்சூண்டு மாத்தியிருந்தா இந்த வெப்ப அலை சரியா வந்திருக்கும்னு கேட்டாங்க. கிடைச்ச மாற்றம் ரொம்பச் சின்னது, ஆனா அதைப் போட்டு முன்னோக்கி ஓட்டினா பத்தாவது நாள் பிழை பெருமளவு காணாமப் போச்சு. பழைய மாடல்ல இதே வேலையைச் செய்ய தனியா ஒரு தலைகீழ் ப்ரோக்ராம் எழுதணும், அதுக்கே வருஷக்கணக்கா ஆளுங்க உழைச்சிருக்காங்க, இங்க அது இலவச இணைப்பா வருது.

அந்த மாற்றத்துல எல்லாமே நிஜ வானத்துல நாம அளக்கத் தவறினது இல்ல, ஒரு பங்கு கிராஃப்காஸ்ட்டோட சொந்தக் கோணலை நிமிர்த்துறதுக்கே போயிருக்கு. எது எவ்வளவுன்னு பிரிக்கணும்னா அதே மாத்தின ஆரம்ப நிலவரத்தை வேற ஒரு மாடல்ல போட்டு ஓட்டிப் பார்க்கணும். அதையும் பாங்குல போட்டுப் பார்த்தாங்க, அங்கயும் ஃபோர்காஸ்ட் தேறுச்சு, ஆனா கிராஃப்காஸ்ட்ல தேறின அளவுக்கு இல்ல.